இரண்டாம் தட்டு

செபஸ்தியாம்பிள்ளை பியானோவில் கை வைக்கமாட்டார். பதினாறு வருசமாக லண்டனில் பியானோ ஏற்றி இறக்குகிற வேலைதான் அவருக்கு. ஆனாலும் ஒரு பியானோவின் மூலையைக்கூட அவர் தூக்கியதில்லை. அவருடைய வேலை கூப்பிடுவது.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் கரைவலை இழுக்கிறபோது அம்பா பாடுவார்கள். ஒருவர் வரி எடுக்க, கயிற்றில் நிற்கிற மற்றவர்கள் ‘ஏலோ’ என்று வாங்குவார்கள். அந்த ‘ஏ’ விழுகிற இடத்தில் இழுவையும் விழும். முப்பது பேர் கயிற்றில் நின்றாலும் ஒரே ஆள் இழுக்கிற மாதிரி வலை வரும். அந்த முறையைத்தான் செபஸ்தியாம்பிள்ளை லண்டன் மாடிப்படிகளுக்குக் கொண்டுவந்தார். ‘ஏ’ என்றால் தூக்கு. ‘லோ’ என்றால் ஒரு படி கீழே வை. வரிகளை மட்டும் அந்தந்த வீட்டுக்குத் தக்கபடி அவரே கட்டுவார்.

“மாடிக்கு ஏத்தினவன் செத்துப் போனான்!”

“ஏலோ!”

“இறக்கிற எங்களுக்கு முதுகு போச்சு!”

“ஏலோ!”

மற்றக் கொம்பனிக்காரர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். ஒருத்தன் மூன்றிலே தூக்குவான், ஒருத்தன் மூன்று முடிந்த பிறகு தூக்குவான், இடையில் நிற்கிறவனுடைய பெருவிரல் போகும். செபஸ்தியாம்பிள்ளையின் ஆட்களில் ஒருத்தனுக்கும் பதினாறு வருசத்தில் நகம்கூடப் பெயரவில்லை. வலைக்காரருக்குத் தலைமை நிற்கிறவனை மண்டாடி என்பார்கள். இவரையும் எல்லாரும் மண்டாடி என்றே கூப்பிட்டார்கள்.

மண்டாடியிடம் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. வேலை முடியும்வரை பாட்டுக் கேட்கக் கூடாது. வான் வண்டியில் இருந்த ரேடியோவை அவர் வயரோடு பிடுங்கி எறிந்துவிட்டார். ஃபோனில் போட்டாலும் பேச்சு விழும்.

“காதுக்குள்ளை ஒரு தாளம்தான் இருக்கலாம். ரெண்டு இருந்தா, கை ரெண்டுக்கும் நடுவிலை நிண்டு முழிக்கும்” என்பார்.

பாலேந்திரா அவரோடு பத்து வருசம் வேலை செய்தவன். அந்தச் சட்டத்தை அவன் ஒருநாளும் மீறியதில்லை. மீறிய ஒரே நாள், ஒரு பெப்ரவரிச் செவ்வாய்க்கிழமை.

அன்றைக்கு வீடு ஃபாரெஸ்ட் கேட்டில். காலையிலிருந்தே தூறல். குட்மேய்ஸிலிருந்து வானில் நாலு பேர் போனார்கள். மண்டாடி, பாலேந்திரா, இராமநாதபுரத்து விவேக், பிறகு சுஜீத். சுஜீத் பாலேந்திராவின் மனைவி சிவகௌரிக்குக் கடைசித் தம்பி. நாலு வருசம் குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்கு அலைந்து, போன மாதம்தான் விசா கிடைத்தது. கிடைத்த கிழமையே பாலேந்திரா அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டான். சிவகௌரிக்கு அதில் துளியும் விருப்பமில்லை.

“உங்கட முதுகைக் குடுத்தது காணாதெண்டு இப்ப அவனையும் கொண்டு போறியள். அவன் முழுசா வீட்டை வரவேணும், சொல்லிப்போட்டன்” என்று அன்றைக்கும் கதவடியில் நின்று சொன்னாள்.

வீட்டுக்காரி மிஸ் ஒடெஸா எழுபத்தெட்டு வயதுக் கறுப்பினப் பெண். அவளுடைய தகப்பன் அமெரிக்காவின் தெற்கிலிருந்து யுத்த காலத்துச் சிப்பாயாக வந்து, பிறகு லண்டனிலேயே தங்கிப் பியானோ வாசித்துப் பிழைத்தவர். அவளுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்துபோனதால் நகரக் கவுன்சில் கீழ்த்தள வீடு ஒன்று கொடுத்திருந்தது. தகப்பனின் பியானோ அங்கே கொள்ளாது. அதைத் தன் தேவாலயத்துக்குக் கொடுக்கிறாள்.

பாலேந்திரா முதலில் படியை எண்ணிப் பார்த்தான். பத்துப் படி நேராக இறங்கி, அடியில் ஒரு திருப்பம், திருப்பத்தில் முக்கோணமாக மூன்று படி. ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் கைப்பிடி, அதைத் தாங்கிக்கொண்டு திருப்பத்தில் ஒரு மரத்தூண். பியானோவுக்குக் கீழே ஒரே ஒரு ஆள் நிற்கத்தான் இடமிருந்தது.

“கீழை நான் நிக்கிறன்” என்றான் சுஜீத்.

“நீ மேலை வா. நான் நிக்கிறன்” என்றான் பாலேந்திரா.

“அத்தான், உங்களுக்குக் கீழை நிக்கிற வயசு போட்டுது. அக்காவுக்கு நான் பதில் சொல்லேலாது.”

மண்டாடி இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். “பெடியன் நிக்கட்டும். அவனுக்குத் துடையிலை பலம் இருக்கு. பாலா, நீயும் விவேக்கும் மேலை பட்டியைப் பிடியுங்கோ. எல்லாம் என்ர குரலிலைதான் கிடக்கு. குரலைக் கேட்டா ஒண்டும் நடவாது.”

சொல்லிவிட்டு அவர் வானை எடுத்துக்கொண்டு போனார். வீட்டுக்கு முன்னால் நிறுத்த அனுமதி இல்லாததால் சுற்றிப் பார்த்து இடம் தேட வேண்டியிருந்தது. “போர்வையைச் சுத்தி ஆயத்தமா இருங்கோ. நான் வாறதுக்கிடையிலை ஒருத்தரும் கை வைக்கிறேல்லை.”

மேல் அறையில் மூன்று பேரும் போர்வையை விரித்தபோது மிஸ் ஒடெஸா பியானோவின் மூடியைத் தடவிக்கொண்டு நின்றாள்.

“மூடிக் கட்டுவதற்கு முன்னால் ஒருமுறை வாசிக்கட்டுமா?” என்று கேட்டாள்.

வேண்டாம் என்று பாலேந்திரா சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்ததுதான். மூடியைத் தடவுகிற அவளுடைய கையைப் பார்த்ததும் அது உள்ளே போய்விட்டது.

“ஒரு பாட்டு, அம்மா. ஒண்டு மட்டும்.”

அவள் உட்கார்ந்தாள். “இதைப் பாருங்கள்” என்று கட்டைகளைக் காட்டினாள். வலப்பக்கத்துக் கட்டைகள் பல்லு மாதிரி வெள்ளையாக இருந்தன. இடப்பக்கத்துக் கட்டைகள் விரல் வைத்த இடமெல்லாம் தேய்ந்து பள்ளம் விழுந்து கிடந்தன. “என் அப்பாவின் வலது கை விளையாடப் போகும். இடது கைதான் வேலைக்குப் போகும்.”

அந்த இடது கையை அவள் தொடங்கினாள். தாழ்ந்த சத்தம். திரும்பத் திரும்ப ஒரே உருட்டல், தூரத்தில் ஒரு சாமான் ரயில் இரவும் பகலும் நிற்காமல் வருகிற மாதிரி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதன்மேல் வலது கை வந்து அழுதது, பிறகு அழுததைச் சொல்லிச் சிரித்தது.

“எங்கூர்ல சாவுக்கு அடிக்கிற மாதிரி இருக்குண்ணே” என்றான் விவேக் மெல்ல.

“அப்பிடியெண்டா பின்னை ஏன்ரா காலை ஆட்டுறாய்?” என்றான் சுஜீத்.

“சாவுக்குத்தானடா எங்கூர்ல ஆடுவாங்க.”

சுஜீத் கை தட்டத் தொடங்கினான். மிஸ் ஒடெஸா உடனே நிறுத்திவிட்டாள்.

“இல்லை மகனே, அங்கே இல்லை. நீ முதலாவதில் தட்டுகிறாய். அது பட்டாளம் நடக்கிற தட்டு. முதலாவதைப் போக விடு. காத்திரு. இரண்டாவதில் தட்டு. பிறகு நாலாவதில்.”

அவள் மூன்று பேருக்கும் சொல்லிக் கொடுத்தாள். முதலில் வரவேயில்லை. சின்ன வயதிலிருந்து முதல் அடியில் விழுந்து பழகிய கை, இரண்டாவதுக்குக் காத்திருக்கச் சொன்னால் கூசியது. ஆனால் காத்திருந்து தட்டியபோது நெஞ்சுக்குள் ஏதோ கழன்று இலேசானது. அந்த முதலாவது அடி காலியாகக் கிடக்க, உடம்பு அதன்மேல் தாண்டிப் போனது. பாலேந்திராவுக்கு ஐம்பத்தொரு வயது. இப்படி ஒன்றை அவன் உடம்பு அதற்கு முன் அறியவில்லை. ஒரு பாட்டு மூன்றானது.

வாசித்துக்கொண்டே அவள் கதையும் சொன்னாள்.

“இதை ஒரு ஆள் ஒரு நாளில் கண்டுபிடித்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் தாத்தா ரயில்பாதையில் வேலை செய்தார். தண்டவாளம் விலகிப்போனால் பத்துப் பேர் கம்பியை மாட்டி அதை நெம்பி ஒரு அங்குலம் தள்ளுவார்கள். பத்துக் கம்பியும் ஒன்றாக விழவேண்டும். அதற்கு ஒருவர் நின்று பாடுவார். கம்பியைத் தொடமாட்டார், பாடுவது மட்டும்தான். என் தாத்தா அந்த ஆள்.”

மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

“எங்கட மண்டாடி!” என்றான் சுஜீத். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவளுக்கும் அதைச் சொன்னான். அவள் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள்.

“அந்தப் பாட்டைத்தான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் கொண்டுபோய்க் கை தட்டினார்கள். சனிக்கிழமை இரவு சாராயக் கொட்டகைக்குள் கொண்டுபோய்ப் பியானோவில் அடித்தார்கள். அடித்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். தனியாக அழுதவன் கிதாரில் அழுதான், அது ப்ளூஸ். ஊர்வலத்தில் குழல் ஊதியவர்கள் பட்டணத்துக்குள் போனார்கள், அது ஜாஸ். பிறகு யாரோ கிதாருக்கு மின்சாரம் கொடுத்தார்கள். அதற்கும் பிறகு விற்கிறவன் வந்து ராக் அன் ரோல் என்று பெயர் ஒட்டினான். பெயர் வருவதற்கு முன்னாலேயே எங்கள் ஆட்களின் முதுகு முறிந்து முடிந்துவிட்டது.”

கை நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. பிறகு சும்மா சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

“ஆனால் தாத்தா வேலை நடக்கிற இடத்துக்குக் கிதார்க்காரரை அண்ட விடமாட்டார். கல்லால் எறிந்து கலைப்பார்.”

பாலேந்திராவின் கை தட்டுவதை நிறுத்தியது. கீழே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மண்டாடி வந்துவிட்டார்.

“ஆயத்தமோடா?”

“ஓம் அண்ணை” என்றான் பாலேந்திரா. மூடியைச் சாத்திப் போர்வையை இழுத்தான்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மண்டாடி கத்துவார். பட்டிகளைச் சுருட்டி வானில் எறிந்துவிட்டு, நாளைக்கு வாருங்கள் என்று எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புவார். முதலாளி லோகனிடம் பேச்சு வாங்க வேண்டும். புதிதாக வந்த சுஜீத்தின் பெயரும் கெடும். இதெல்லாம் ஒரு கணத்தில் மனதில் ஓடியது. மூன்று பாட்டுத்தானே, அதற்குள் கை என்ன மாறிவிடப் போகிறது என்று பாலேந்திரா தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பியானோவைப் படியின் வாயில் நிறுத்தினார்கள். சுஜீத் கீழே முகம் மேலே பார்க்க நின்று, தோளைக் கொடுத்தான். பாலேந்திராவும் விவேக்கும் பட்டியைத் தோளில் மாட்டினார்கள். மண்டாடி மேல் தளத்தில் அவர்களுக்குப் பின்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

“ஒடுங்கின படியிலை யானை வருகுது!”

“ஏலோ!”

ஒரு படி.

“யானைக்குக் கீழை சுஜீத் வாறான்!”

“ஏலோ!”

“யானைக்குச் சொல்லுங்கோ, போன மாசந்தான் எனக்கு விசா வந்தது!” என்று கீழேயிருந்து சுஜீத் கத்தினான். விவேக் சிரித்தான். பாலேந்திரா சிரிக்கவில்லை. முதல் படியிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. மண்டாடியின் வரி முடிந்து ‘ஏ’ வருகிறபோது அவனுடைய கை தயங்கியது. ஒரு இமைப்பொழுதுதான். அந்தத் தயக்கத்தை அவன் பல்லைக் கடித்து அடக்கினான். நாலாம் படி. ஐந்தாம் படி. ஒவ்வொரு முறையும் கையை முன்னாலே பிடித்துத் தள்ள வேண்டியிருந்தது. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது.

ஏழாம் படியில் அவனுக்குப் பின்னால் யாரோ காலால் தட்டுகிற சத்தம் கேட்டது. தும், தும் என்று பலகையில் மெல்லிய தட்டு, இரண்டாவதில், நாலாவதில்.

கிழவிதான் என்று நினைத்தான். மேலே நின்று தன்னை அறியாமல் காலால் தட்டுகிறாள். அதைக் கேட்காமலிருக்கப் பார்த்தான். எட்டாம் படிக்கு மண்டாடியின் குரல் எழுந்தது.

“ஏலோ!”

விவேக் தூக்கினான், சுஜீத் தூக்கினான். பாலேந்திராவின் கை முதலாவதைப் போக விட்டுக் காத்திருந்தது.

பியானோ ஒரு பக்கம் எழும்பி முறுகியது. விவேக்கின் தோளிலிருந்து பட்டி உருவிக்கொண்டு போனது. உள்ளே இருந்த கம்பிகளெல்லாம் ஒரேயடியாக அலறின. அது மீதிப் படிகளைத் தாண்டி இறங்கித் திருப்பத்தில் மரத்தூணோடு மோதிக் குறுக்கே இறுகி நின்றது. சுவருக்கும் பியானோவுக்கும் இடையில் சுஜீத் இருந்தான். இடுப்புக்குக் கீழே அவனைக் காணவில்லை.

“அத்தான்” என்றான். கத்தவில்லை. கத்துவதற்கு அவனிடம் மூச்சு இல்லை.

மரத்தூண் மெதுவாக முனகியது. அது முறிந்தால் முழுப் பாரமும் சுஜீத்தின் நெஞ்சுக்கு வரும் என்பது பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது.

பாலேந்திரா குனிந்து அடியில் கை கொடுத்தான், விவேக் மறுமூலையில். “கூப்பிடுங்கோ மண்டாடி!”

“நாலு அங்குலம்! பெடியன் உருவி வந்திடுவான்! ஏலோ!”

விவேக் எழும்பினான். பாலேந்திரா பிந்தினான். பியானோ ஆடி மீண்டும் இருந்த இடத்தில் விழுந்தது. சுஜீத்தின் வாயிலிருந்து காற்று மாதிரி ஒரு சத்தம் வந்தது. தூணில் ஒரு வெடிப்பு மேலிருந்து கீழே ஓடியது.

“என்னடா பாலா, செவிடோ நீ?”

பாலேந்திரா மேலே பார்த்துக் கத்தினான். “அம்மா, காலாலை தட்டாதேங்கோ! நிப்பாட்டுங்கோ!” பிறகு அதையே ஆங்கிலத்திலும் கத்தினான்.

மிஸ் ஒடெஸா அறை வாசலுக்குத் தடியை ஊன்றிக்கொண்டு இப்போதுதான் வந்தாள்.

“நான் தட்டவில்லை. நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.”

அப்போதும் அந்தத் தட்டு அவன் காதில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அது தன் உடம்புக்குள்ளேயிருந்து வருகிறது என்று அவனுக்கு விளங்கியது.

“அண்ணை, நீங்கள் கூப்பிடாதேங்கோ” என்றான். “என்ர கை உங்கட குரலுக்கு வராது.”

“என்னடா விசர்க்கதை கதைக்கிறாய்?”

“நீங்கள் வானோடை போனாப்பிறகு அவ வாசிச்சவ. நாங்கள் கை தட்டினனாங்கள். மூண்டு பேரும். அது எனக்குள்ளை இறங்கிப் போச்சு. உங்களுக்குச் சொல்லப் பயந்து பொய் சொல்லிப்போட்டன்.”

மண்டாடியின் முகத்தை அவன் பார்க்கவில்லை. தூண் இன்னொருமுறை முனகியது.

“அவவைக் கூப்பிடச் சொல்லுங்கோ. அவவின்ரை தாளத்துக்குத்தான் இப்ப என்ர கை வரும். விவேக்குக்கும் அது தெரியும். நீங்களும் வந்து பிடியுங்கோ. ரெண்டு பேராலை ஏலாது.”

மண்டாடி கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கிவந்தார். பதினாறு வருசத்தில் முதல்முறையாக ஒரு பியானோவுக்கு அடியில் தன் கையைக் கொடுத்தார்.

என்ன செய்ய வேண்டும் என்று மிஸ் ஒடெஸாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. தடியைப் பலகையில் குத்தினாள். அவளிடமிருந்து வந்த குரல் வேறு. பேசுகிறபோது இருந்த குரலில்லை அது. கட்டையாக, மூக்கால் இழுத்து, வெயிலில் தூரத்து ஆளைக் கூப்பிடுகிற குரல். வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை. தடி விழுந்தது. ஒன்று. ஒருவரும் அசையவில்லை. இரண்டு.

பியானோ எழுந்தது. மூன்று மூலையும் ஒன்றாக எழுந்தது. மண்டாடியும் மற்றவர்களின் முதுகைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். சுஜீத் தானே அந்தத் தட்டுக்குக் கையை ஊன்றி உந்தினான். அடுத்த இரண்டாவதுக்கு இன்னொரு உந்தல். கால் முழுதும் வெளியே வந்து, கடைசிப் படிகளில் சறுக்கிக் கதவடியில் போய் விழுந்தான். விழுந்து இருமினான். இருமலைக் கேட்டு விவேக் அழத் தொடங்கினான்.

“இறக்குங்கள்” என்று மிஸ் ஒடெஸா மேலேயிருந்து சொன்னாள். “இரண்டாவது தட்டுக்கு.”

தடி விழுந்தது. ஒன்று.

மண்டாடி கரைவலையில் வளர்ந்த மனுசன். அறுபது வருசமாக முதல் அடியில் விழுந்த உடம்பு. அவருடைய மூலை மட்டும் முதலாவதுக்கு இறங்கியது. படியின் விளிம்புக்கும் பியானோவின் அடிப்பலகைக்கும் இடையில் அவருடைய வலது கை அகப்பட்டது. அதை எடுக்க அவருக்கு நேரமிருக்கவில்லை. இரண்டாவது தட்டுக்கு மற்ற இரண்டு பேருடைய பாரமும் அதன்மேல் வந்து இருந்தது.

அவர் கத்தவில்லை. “எடுங்கோ” என்றார். பிறகு, “அவவின்ரை எண்ணுக்கே எடுங்கோ” என்றார்.

எடுத்தார்கள். மூன்று விரல் இருந்த இடத்தைப் பாலேந்திரா தன் சட்டையைக் கழற்றிச் சுற்றிக் கட்டினான்.

விவேக் கைப்பிடியைத் தாண்டிக் கீழே குதிக்க, பாலேந்திரா அவரை அதன் மேலால் இறக்கிவிட்டுத் தானும் இறங்கினான். அம்புலன்ஸ் பதினைந்து நிமிசத்தில் வந்தது. சுஜீத்துக்கு இரண்டு விலா எலும்பு முறிந்திருக்கிறது, தொடையில் சதை கிழிந்திருக்கிறது, கால் தப்பும் என்றார்கள். கட்டிய கையோடு ஏறிப் படுத்த செபஸ்தியாம்பிள்ளையிடம் அம்புலன்ஸில் வந்த பெண் பெயரைக் கேட்டாள், வயதைக் கேட்டாள், எப்படி நடந்தது என்று கேட்டாள்.

“என்ர பிழை” என்றார் ஆங்கிலத்தில். “நான் பிழையாக் கூப்பிட்டிட்டன்.”

பாலேந்திரா மழையில் வெறும் பனியனோடு நின்றான். “இல்லை” என்றான் அந்தப் பெண்ணிடம். “பிந்தித் தூக்கினது நான்.”

“வாயை மூடு” என்றார் செபஸ்தியாம்பிள்ளை தமிழில். “லோகன் கேட்டா உன்னைக் கலைச்சுப்போடுவான். உனக்கு நாளைக்கும் வேலை வேணும்.”

“நீங்கள் கெதியா வந்திடுவியள் அண்ணை. கூப்பிடுறதுக்குக் கை தேவையில்லைத்தானே.”

அவர் அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் பாலேந்திராவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“நான் கூப்பிடுவன் பாலா. ஆனா கீழை நிக்கிறவன் இனி என்னை நம்பமாட்டான். அவன் யோசிப்பான். யோசிச்சாப் பிந்தும்.”

கதவைச் சாத்திக்கொண்டு அம்புலன்ஸ் போனது.

வீட்டுக்குள் பியானோ திருப்பத்தில் குறுக்கே கிடந்தது. மேலே இருக்கிற மிஸ் ஒடெஸாவால் அந்த இடுப்போடு கைப்பிடியைத் தாண்டி இறங்கிவர முடியாது. அவள் பியானோவுக்கு அந்தப் பக்கம் படியில் உட்கார்ந்து தடியை மடியில் வைத்திருந்தாள்.

“யாருண்ணே இதை இறக்குறது?” என்று கேட்டான் விவேக்.

லோகன் மூன்றாவது முறையாக ஃபோன் அடித்தார். பாலேந்திரா இந்தமுறை எடுத்துப் பேசினான்.

“இறங்கிட்டுதோ?”

“இல்லை. வேறை ஆக்களை அனுப்புங்கோ. நாலு பேர். இந்தத் தாளம் தெரியாத ஆக்களா அனுப்புங்கோ.”

“மண்டாடி எங்கை? அவரிட்டைக் குடு.”

“அவர் ஆஸ்பத்திரியிலை. பிழை என்ர. நான் சட்டத்தை மீறி, பிறகு மறைச்சுப்போட்டன். நீங்கள் என்ன எழுதிறதெண்டாலும் அதை எழுதுங்கோ.”

மறுபக்கத்தில் லோகன் கத்தத் தொடங்கினார். பாலேந்திரா ஃபோனைக் காதில் வைத்தபடியே படியடியில் நின்றான். வெடித்த தூண் இன்னும் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நின்றது. விவேக்கைப் பின்னால் போகச் சொல்லிக் கை காட்டிவிட்டு, வேறு ஆட்கள் வரும்வரை அதற்குத் தன் தோளைக் கொடுத்தான்.